முதலில் ஸ்கேனா, மருத்துவரா? பதின்வயதுப் பிள்ளைக்கு வலிப்பு என்ற சந்தேகம் வந்தால்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை திடீரென்று விழுந்து கை கால் இழுத்துக்கொண்டால், சென்னையில் பல வீடுகளில் அன்று மாலைக்குள் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தாகிவிடுகிறது. படத்தில் ஒன்றும் இல்லை என்றதும் வீடே பெருமூச்சு விடுகிறது. மறுநாள் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடுகிறது. மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு அந்தப் பெருமூச்சுதான் கவலை தருகிறது. வந்தது வலிப்பா என்ற கேள்விக்கு ஸ்கேன் பதில் சொல்வதில்லை. மூளையில் கட்டி, தழும்பு, வீக்கம் போன்றவை இருக்கின்றனவா என்பதைத்தான் அது காட்டும். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகள் பலருக்குப் படம் சுத்தமாகவே இருக்கும்.

வந்தது என்ன என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு அதிகம் உதவுவது, பக்கத்தில் இருந்து பார்த்தவரின் வாக்குமூலம். செல்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் கட்டுவது, எங்கே போவது என்ற எல்லாத் தேர்வுகளும் அதற்குப் பிறகுதான். அதனால் ஒன்றுபோல் தோன்றும் நிலைகளை முதலில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம்.

மயக்கமா, வலிப்பா?

ஜூன் மாத வெயிலில் காலை வழிபாட்டுக் கூட்டம். சாப்பிடாமல் வந்த பெண் வரிசையில் நின்றபடியே சரிகிறாள். இது பெரும்பாலும் சாதாரண மயக்கம். விழுவதற்கு முன் கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, வியர்க்கிறது, முகம் வெளுக்கிறது. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்து, "என்ன ஆச்சு மிஸ்?" என்று தெளிவாகவே கேட்பாள். சோர்வு மிஞ்சும், குழப்பம் இருக்காது.

பெரிய வலிப்பு இப்படி நேரம் இடம் பார்ப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் வரும், தூக்கத்திலும் வரும். உடல் முதலில் விறைக்கும், பிறகு சீராக வெட்டி வெட்டி இழுக்கும். கண்கள் திறந்தபடி மேலே சொருகும். உதடு நீலம் பாயலாம். ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் இழுப்பு நின்றாலும் பிள்ளை உடனே நம்மிடம் திரும்புவதில்லை. பெயர் கேட்டால் விழிக்கும், தள்ளாடும், குறட்டைவிட்டுத் தூங்கும். அடுத்த அரைமணி நேரம் எப்படி இருந்தது என்பதை மருத்துவர் கட்டாயம் கேட்பார். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட காயம் இருந்தால் வலிப்பின் பக்கம் தராசு சாயும்.

இந்த இடத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன. கை கால் உதறினாலே வலிப்பு என்பது ஒன்று. சாதாரண மயக்கத்திலும் சில விநாடிகள் உதறல் வரும்; அது மிகவும் சகஜம். சிறுநீர் கழிந்துவிட்டால் வலிப்புதான் என்பது இன்னொன்று. மயக்கத்திலும் அது நடக்கும். ஆகவே இவை இரண்டையும் மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

மயக்கத்திலும் ஒரு வகையைச் சாதாரணமாக விடக்கூடாது. ஓடும்போது, நீந்தும்போது, பந்து விளையாடும்போதே சட்டென்று விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தாலோ, பார்க்க வேண்டியது இதயம். இதயத்தின் மின் ஓட்டக் கோளாறு சில சமயம் வலிப்பு போலவே தோன்றும். ஈ.சி.ஜி. செலவு குறைவு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல்முறை நினைவு தப்பி விழுந்த எந்தப் பிள்ளைக்கும் ஸ்கேனுக்கு முன்பே அதை எடுத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

கவனக்குறைவா, நினைவு தப்புவதா?

விழாமலே வரும் வலிப்புகள்தான் அதிகம் தவறவிடப்படுகின்றன. பகற்கனவு காணும் மாணவனைத் தோளில் தொட்டால் திடுக்கிட்டுத் திரும்புவான். வலிப்பால் வெறித்துப் பார்க்கும் பிள்ளை தொட்டாலும் கூப்பிட்டாலும் திரும்பாது. பேச்சு பாதி வாக்கியத்தில் நிற்கும். ஐந்து முதல் இருபது விநாடிகளில் ஒன்றும் நடக்காதது போல வேலை தொடரும். ஒரே நாளில் பலமுறை வரலாம். நோட்டில் சொல்வதெழுதுதலில் நடுநடுவே சொற்கள் விடுபட்டிருப்பதைக் கண்டால் நான் அந்தப் பிள்ளையைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குவேன். "பாடத்தில் கவனமே இல்லை" என்று மதிப்பெண் அட்டையில் எழுதுவதற்கு முன் ஆசிரியர்கள் எல்லோரும் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு வகை சற்று நீளமானது: அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை. வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது போன்ற உணர்வு, இல்லாத வாசனை, ‘இதை முன்பே பார்த்திருக்கிறேனே’ என்ற திகைப்பு. பிறகு வாயைச் சப்புக்கொட்டுவது, சட்டைப் பொத்தானைத் திருகுவது. முடிந்ததும் குழப்பம் இருக்கும். இதை மனக்கோளாறு என்றோ, காற்றுக் கருப்பு என்றோ சொல்லி மந்திரிக்க அழைத்துப் போகும் வீடுகள் சென்னைக்குள்ளேயே இன்றும் உண்டு. கோவிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. மருத்துவரைப் பார்க்கும் நாளை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

பதின்வயதுக்கே உரிய வகை ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கையைத் தூக்கிவாரிப் போடும். காபி டம்ளர் சிந்தும், பல் துலக்கும் பிரஷ் தெறித்து விழும். நினைவு தப்பாததால் பிள்ளை அதை நோய் என்று நினைப்பதே இல்லை. "தூக்கக் கலக்கம்" என்று தள்ளிவிடும். பொதுவாக 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும் இது, தூக்கம் கெட்டால் கிளறிவிடப்படும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, நீட் பயிற்சி என்று இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் பெரிய வலிப்பு அப்படிப்பட்ட ஒரு காலையில் வருவது வழக்கம். மருத்துவமனையில் பெற்றோர் பெரிய வலிப்பை மட்டும் விவரிப்பார்கள்; மாதக்கணக்காகச் சிந்திய காபியைச் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லாததன் விலை பெரியது. வலிப்புக்குப் பரவலாகத் தரப்படும் கார்பமசெபின் இந்த வகையை மோசமாக்கக்கூடும். இதற்கு நன்றாக வேலை செய்யும் வால்ப்ரோயேட், கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. பெண் பிள்ளைக்கு மாற்று மருந்து உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்து தாமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதே வலிப்பை வரவழைக்கும்.

கண்களை இறுக மூடிக்கொண்டு, தலையை இருபக்கமும் ஆட்டியபடி, கூடிக் குறைந்து பல நிமிடங்கள் நீளும் உதறல் வேறு வகையாக இருக்கலாம். மூளையின் மின் அலையில் மாற்றம் இல்லாமல், மன அழுத்தத்தோடு தொடர்புடையதாகப் பலருக்கும் வரும் உதறல் இது. இது நடிப்பு அல்ல. அந்தப் பிள்ளையின் துன்பம் உண்மையானது. வலிப்பு மாத்திரை இதற்கு உதவாது; மனநல ஆலோசனை உதவும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால், தீர்ப்பை நரம்பியல் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

எந்தப் பரிசோதனை எதற்கு?

இ.இ.ஜி. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிறது. உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். சாதாரணப் பதிவு இருபது, முப்பது நிமிடம்தான். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் பதிவில் எதுவும் தெரியாமல் போகலாம். தூக்கத்தைக் குறைத்துவிட்டு எடுக்கும் பதிவில் தெரியும் வாய்ப்பு கூடுகிறது; பதின்வயதினருக்கு, முக்கியமாகக் காலைநேரக் கை உதறல் உள்ளவர்களுக்கு, இதையே நான் முதலில் கேட்கச் சொல்வேன். மருத்துவமனையில் தங்கி, வீடியோவோடு சேர்த்து நாள் கணக்கில் எடுக்கும் பதிவுதான் மிகத் தெளிவானது. செலவும் அதிகம். மருந்துக்குக் கட்டுப்படாதபோது, வலிப்பா வேறொன்றா என்று தீராதபோது, அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும்போது அது தேவை. முதல் வாரத்திலேயே அதற்கு ஓட வேண்டியதில்லை.

ஸ்கேன் என்றால் சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? தலையில் அடிபட்டிருந்தால், நினைவு திரும்பாவிட்டால், அவசரத்துக்கு சி.டி. போதும், வேகமானது, ஆனால் கதிர்வீச்சு உண்டு. நம் நாட்டில் மூளையில் நாடாப்புழுக் கட்டி, காசநோய்க் கட்டி ஆகியவற்றாலும் வலிப்பு வருகிறது; இறுகிச் சுண்ணாம்பு படிந்த புழுக் கட்டியை சி.டி. நன்றாகவே காட்டும். அந்தப் புழுவின் முட்டை அசுத்தமான தண்ணீரிலும் சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியிலும் வரும் என்பதால், சைவக் குடும்பத்துக்கு அது வராது என்று எண்ண வேண்டாம். அவசரம் இல்லாத மற்ற நேரங்களில் எம்.ஆர்.ஐ. மேல். நுண்ணிய தழும்பையும் பிறவிக் கோளாற்றையும் அதுதான் காட்டும். வலிப்புக்கென்று எடுக்கும் முறை தனியாக இருப்பதால், மருத்துவர் சீட்டில் அதைக் குறிப்பிட்ட பிறகு எடுப்பதே பணத்துக்குப் பயன். காலைநேர உதறல் வகை என்று இ.இ.ஜி.யில் தெளிவாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படாமலும் போகலாம்.

எங்கே போவது?

தெருமுனைக் குடும்ப மருத்துவர் ஈ.சி.ஜி., ரத்தச் சர்க்கரை, உப்புச் சத்துகளைப் பார்த்து நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் தரலாம். மாத்திரையை அவரே தொடங்கிவிடுவதைவிட அந்தக் கடிதம் மேலானது. தனியார் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் சீக்கிரம் கிடைக்கும். பரிசோதனைச் செலவு வேகமாக ஏறும். அரசுப் பக்கம், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் துறைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு, டாக்டர் பி. ராமமூர்த்தி அங்கே நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது 1950-இல். காத்திருப்பு அதிகம், ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே நிற்க வேண்டும். ஆனால் தினமும் வலிப்பு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண்கள் அங்கே இருக்கின்றன, மாத்திரை இலவசம். ஆண்டுக்கணக்கில் மருந்து தேவைப்படும் நோயில் இது சிறிய விஷயம் அல்ல. பதின்வயது, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் பெரியவர்கள் பிரிவுக்கும் நடுவில் நிற்கும் வயது. எங்கே சீட்டுப் போடுவது என்று அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-இல் கேட்டுக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் மிச்சமாகும். என் தேர்வு: வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டடத்தைப் பார்க்காமல், உட்கார வைத்துப் பத்து நிமிடம் கதை கேட்கும் மருத்துவரைத் தேடுங்கள்.

முதல் வலிப்பிலேயே மாத்திரை தொடங்குவதா, காத்திருப்பதா என்ற கேள்வியும் வரும். காய்ச்சல், அடி, சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வந்தால் அது வலிப்பு நோய். ஒரே ஒருமுறை வந்து, பரிசோதனைகளும் சரியாக இருந்தால் காத்திருப்பது பல பிள்ளைகளுக்கு நியாயமான வழி. இ.இ.ஜி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ மாற்றம் இருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு கூடுவதால், மருந்தின் பக்கம் சாய்வார்கள். சரியான மருந்தில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நோயின் பெயர் உறுதியாகும் வரை பிள்ளை மெரினாவில் கடலுக்குள் இறங்க வேண்டாம், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108.

பெண் பிள்ளை என்றால் கல்யாணத்தை நினைத்து மறைக்கத் தோன்றும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் குறிப்பிட்ட வரி 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. உறவினர் அனைவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். சொன்னால், வகுப்பில் வருவதை நாங்கள் நேரம் போட்டுக் குறித்துத் தருவோம். தேர்வுக் கூடத்தில் அருகில் நிற்பவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்கும்.