செல்டைப்பிஸ்ட் ரொம்ப நாளா யூஸ் பண்றேன், என் அனுபவம்

சிங்கிள் செல் ஆர்என்ஏ டேட்டால (ஒவ்வொரு செல்லுலயும் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கற கணக்கு) எது எந்த செல்னு பிரிக்க லேப்ல செல்டைப்பிஸ்ட் தான் ஓட்டிட்டு இருக்கேன். இங்கிலாந்துல இருக்கற சாங்கர் இன்ஸ்டிட்யூட் டீம் 2022ல சயின்ஸ் ஜர்னல்ல வெளியிட்ட டூல் இது. உள்ள பெரிய டீப் லேர்னிங் எல்லாம் கிடையாது, லாஜிஸ்டிக் ரிக்ரஷன்ங்கற எளிமையான புள்ளியியல் முறை தான், அதனாலயே ஜிபியு இல்லாத சாதா லேப்டாப்லயே மளமளன்னு முடிச்சிரும், எந்த ஜீன வச்சு அந்த லேபிள் குடுத்துச்சுன்னும் நாம தோண்டிப் பாத்துக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

ரத்த சாம்பிள்னா மோனோசைட், பி செல், என்கே செல் மாதிரி நோய் எதிர்ப்பு செல் எல்லாம் அருமையா பிரிக்குது. ஆனா செல் என்ன வகைங்கறது வேற, இப்ப அது என்ன நிலைமைல இருக்குங்கறது வேற. கேன்சர் கட்டில இருந்து எடுத்த சிடி8 டி செல்ல (கேன்சர் செல்ல கொல்ற நோய் எதிர்ப்பு செல்) குடுத்துப் பாருங்க, அதுல சண்டை போட்டு போட்டு ஓஞ்சுபோன செல் நெறைய இருக்கும், ஆனா டூலோட கூடவே வர்ற, நோய் எதிர்ப்பு செல்லுக்குன்னு ட்ரெயின் பண்ண இம்யூன் மாடல்ல அந்த நிலைக்குன்னு தனி லேபிளே இல்ல, அதனால அதுக்கு நெருக்கமா இருக்கற மெமரி டி செல் (பழைய தொற்ற ஞாபகம் வச்சிருக்கற டி செல்) லேபிள ஒட்டிட்டுப் போயிரும். அதனால நான் மார்க்கர் ஜீன் (ஒரு செல்லோட வகையையோ நிலையையோ காட்டிக்குடுக்கற ஜீன்) பாக்காம எந்த லேபிளையும் எடுத்துக்கறதில்ல. அதுலயும் பிடிசிடி1ங்கற ஒரு ஜீன் மட்டும் பாத்தா பத்தாது, இப்பத்தான் ஆக்டிவேட் ஆன நல்ல டி செல்லுலயும் அது ஏறும், டாக்ஸ், லேக்3, ஹேவ்சிஆர்2 ஜீன் எல்லாம் சேந்து ஏறியிருந்தா தான் ஓஞ்சுபோச்சுன்னு நம்புவேன்.

டூல்ல இருக்கற மெஜாரிட்டி வோட்டிங்ங்கற ஆப்ஷன ஆன் பண்ணா படம் சுத்தமா, அழகா வரும், ஏன்னா ஒரே மாதிரி செல்ல சின்னச் சின்ன கிளஸ்டரா பிரிச்சு, ஒவ்வொரு கிளஸ்டர்லயும் எந்த லேபிள் அதிகமோ அதையே அந்த கிளஸ்டர் மொத்தத்துக்கும் போட்டுருது. அப்ப நடுவுல பிரிஞ்சு பெருகிட்டு இருக்கற நாலஞ்சு செல், செல் பிரியறதக் காட்டற ஜீன் எம்கேஐ67, டாப்2ஏ ரெண்டும் உச்சத்துல இருந்தாலும், சாதா டி செல்லுனு பேர் வாங்கிரும். வோட்டிங் போட்டது, போடாதது ரெண்டு ரிசல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க ப்ளீஸ்.

இன்னொன்னு, டிஷ்யூவ 37 டிகிரில என்சைம் போட்டுக் கரைக்கும்போதே ஃபாஸ், ஜூன் மாதிரி ஸ்ட்ரெஸ் வந்தா ஏறற ஜீன் எகிறிரும். அது நோயால வந்ததா நம்ம லேப் டேபிள்ல வந்ததான்னு எந்த மாடலும் சொல்லாது, சாம்பிள் எடுத்தவங்க கிட்ட கேக்கணும்.

சொந்தமா மாடல் ட்ரெயின் பண்றவங்க டெஸ்ட் டேட்டாவ செல் வாரியா பிரிக்காதீங்க, ஆள் வாரியா பிரிங்க. ஒரே ஆளோட செல் ட்ரெயினிங், டெஸ்ட் ரெண்டு பக்கமும் இருந்தா மார்க் அள்ளும், புது பேஷன்ட் வந்த உடனே சறுக்கும்.

ரத்த சாம்பிளுக்கு இந்த டூல தாராளமா எடுங்க. கட்டி சாம்பிள்னா அதே கேன்சர்ல நல்லா லேபிள் பண்ண டேட்டா தேடி தனி மாடல் போடறது தான் நல்லது, ட்ரெயினிங்கும் இதே டூல்லயே பண்ணிக்கலாம்.