காலுக்கு மெஷின் வைக்கிற இடத்தில் காசு கட்ட முன் இதை ஒருக்கால் வாசியுங்கோ

யாழ்ப்பாணம் நகரத்துக்குள் கால் வருத்தத்துக்கென்றே ஒரு தனியார் இடம் இருக்கிறது. பெயரை எழுதினால் வழக்கு என்று வருவார்கள், அதனால் எழுதவில்லை. அங்கே எங்கள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. 20 வருடமாகச் சீனி வருத்தம். சுருட்டை விட்டு இரண்டு வருடம்தான். போன வருடமே சந்திக் கடைக்குப் போகிற வழியில் மதகடியில் நின்றுவிடுவார். ஆரோடாவது கதைக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். உண்மையில் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறதாம், கொஞ்சம் நின்றால் விடுகிறதாம். வெட்கத்தில் சொல்லவில்லை மனுசன். மாசியில் செருப்பு வார் உரசிச் சின்ன விரலில் ஒரு புண் வந்தது. மாதம் ஒன்றாகியும் காயவில்லை. பிறகு இரவு நோ தொடங்கியது. படுத்தால் பாதம் எரியும், எழும்பிக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால் குறையும்.

அந்த இடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் உயர்த்தச் சொல்லிப் பார்த்தார். "நாளம் சுருண்டுபோச்சு ஐயா, வெரிக்கோஸ். கெட்ட இரத்தம் தேங்கி நிக்குது" என்றார். புண்ணிருந்த பாதத்தை அவர் கையால் தொடவே இல்லை. இதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். 12 தடவை சிகிச்சை, 96,000 ரூபாய், முழுக்க முற்பணம். கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பினான். தந்த பற்றுச்சீட்டில் வைத்தியரின் பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. "கால் சிகிச்சை" என்று மட்டும் பேனையால் எழுதியிருந்தது.

சிகிச்சை என்றால், சுடுதண்ணிக்குள் அரை மணித்தியாலம் கால், பிறகு சிவப்பு லைட் எரிகிற ஓர் அதிர்வு மெஷின். வீட்டுக்கு ஓர் இறுக்கக் காலுறை, இரவில் இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்க வேண்டும் என்ற கட்டளை.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: நாடி இரத்தத்தைக் கொண்டுவரும், நாளம் திருப்பிக் கொண்டுபோகும். நாளத்தில் தேங்கினால் காலை உயர்த்துவதும் இறுக்கக் காலுறையும் சுகம் தரும். நாடி அடைபட்ட காலுக்கு அந்த இரண்டுமே கேடு. இறங்கி வருகிற கொஞ்ச இரத்தத்தையும் அவை மறித்துவிடும். அப்பா தலையணையில் காலை வைத்துப் பத்து நிமிடம் பல்லைக் கடிப்பார், பிறகு கதிரைக்குப் போய்விடுவார். மூன்று கிழமை அந்தக் கதிரையில்தான் நித்திரை. "பிள்ளை, இந்தச் சொக்ஸைக் கழட்டிவிடன்" என்று விடியப்புறம் என்னை எழுப்புவார். நானும் காசு கட்டிய கோபத்தில், பொறுங்கோ அப்பா என்று சொல்லியிருக்கிறேன்.

தொங்கப் போட்ட பாதம் செக்கச் சிவந்திருக்கும். "பாத்தீங்களோ அக்கா, இரத்தம் ஓடத் தொடங்கிட்டுது" என்றார்கள் அந்த இடத்தில். அதே காலை உயர்த்தினால் மெழுகுதிரி போல வெளிறிவிடும். அந்த இரண்டும் சேர்ந்து வருவது நாடி மோசமாக அடைபட்டிருப்பதன் அறிகுறி என்று பிறகுதான் தெரிந்தது. எட்டாவது தடவை சுடுதண்ணியில் கொப்புளம் வந்தது. சீனி வருத்தத்தால் பாதம் விறைத்திருந்தபடியால் அவருக்குச் சூடு தெரியவில்லை. இரண்டு நாளில் சின்ன விரல் கறுத்தது. அந்த இடத்துக்குப் போன் எடுத்தேன். கெட்டது வெளியே வருகுது, நல்லதாம்!

அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஓர் இளம் டொக்டர் பிள்ளை இரண்டு காலிலும் சப்பாத்து, சொக்ஸ் எல்லாம் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரலை வைத்து நாடித்துடிப்புத் தேடினா. பிறகு இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க, பேனை மாதிரி ஒரு டொப்ளர் கருவி. நல்ல காலில் 'வூஷ், வூஷ்' என்று கேட்டது. மற்றக் காலில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு மெல்லிய இரைச்சல்தான். கணுக்காலின் இரத்த அமுக்கத்தைக் கையின் இரத்த அமுக்கத்தால் பிரித்து ஓர் எண் எடுப்பார்கள். 0.9க்குக் கீழே போனால் அடைப்பு, 0.4க்குக் கீழே என்றால் கடுமை. அப்பாவுக்கு 0.38. கனகாலச் சீனி வருத்தக்காரருக்கு நாடிச் சுவரில் கல்சியம் படிந்து இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டவும் கூடும், அப்படியென்றால் கால் பெருவிரலின் அமுக்கத்தைப் பார்ப்பார்களாம். நாடித்துடிப்புத் தேடுகிற முதல் சோதனைக்கு வைத்தியரின் இரண்டு கைவிரல் போதும், மெஷின் கூடத் தேவையில்லை.

ஸ்கானில் தொடை நாடியில் நீளமான அடைப்பு. பலூன் விட்டு விரிப்பது சரிவராது என்று, அடைப்பைச் சுற்றி இரத்தம் போக மாற்று வழி வைக்கிற பைபாஸ் செய்தார்கள். மாற்று வழிக்கு எடுத்தது அவருடைய அதே காலின் நாளத்தை. சுருண்டுபோச்சு என்றார்களே, அதே காலில் இருந்துதான்! சின்ன விரலையும் பக்கத்து விரலையும் காப்பாற்ற முடியவில்லை. கால் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சதம் கட்டவில்லை.

நடந்தால் பிடித்து நின்றால் விடுகிற கெண்டைக்கால் நோ, படுக்கையில் பாத நோ, காயாத புண், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பாதத்தில் நாடித்துடிப்புப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. அது பார்க்காமல் இறுக்கக் காலுறை போட வேண்டாம். கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, தாங்கேலாத நோ எடுத்தால் அது மணித்தியாலக் கணக்கு, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், வைத்தியர் என்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். இலக்கத்தைக் கேளுங்கோ. கேட்டதும் முகம் மாறினால் எழும்பி வந்துவிடுங்கோ.

போன கிழமை மிச்சக் காசைக் கேட்கப் போனேன். காசு திருப்பித் தருகிற வழக்கம் இல்லையாம். "மிச்சம் இருக்கிற நாலு தடவைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன் அக்கா" என்றார்கள்.