504 கன அடி லாரியில 640 கன அடி சாமான் ஏத்தின மூவர்ஸ் - உஷாரா இருங்க

வீடு மாத்துறதுக்கு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தேடிட்டு இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறமா அட்வான்ஸ் போடுங்க. கம்பெனி பேர் சொல்லல, கம்ப்ளைன்ட் போயிட்டு இருக்கு. தவிர பேரை மாத்தி மாத்தி நடத்துறவங்க பேரைச் சொல்லி என்ன ஆகப்போகுது, எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சாலே போதும்.

ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணினதோட சரி, போன் ஓயவே இல்ல. அந்த சைட்காரங்களுக்குச் சொந்தமா லாரியும் கிடையாது ஆளும் கிடையாது, நம்ம நம்பரை ஒரே நேரத்துல பல பேருக்கு விக்கிறதுதான் பொழப்பு. வந்த ரேட் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்துச்சு, ஒருத்தர் மட்டும் அதுல பாதிக்கு கொஞ்சம் மேல சொன்னார். வீட்டுக்கு வந்து பாருங்கன்னா "டூ பெட்ரூம் தானே மேடம், நாங்க பாக்காத வீடா"ங்கிறார், சரி வீடியோ கால்லயாவது காட்டுறேன்னா அதுவும் வேணாமாம். சாமானைப் பாக்காமலே ரேட் சொல்றாங்கன்னா அந்த ரேட்ல நிக்கிற எண்ணமே அவங்களுக்கு இல்லன்னு அர்த்தம், ஆர்டரைப் பிடிக்கிறதுக்கு மட்டும்தான் அந்த நம்பர்.

கொட்டேஷன் ஒரே ஒரு பக்கம். மொத்தத் தொகை கொட்டை எழுத்துல, அடியில பொடி எழுத்துல "உத்தேச மதிப்பீடு, உண்மையான கன அளவுக்கு ஏற்ப மாறும்". எத்தனை கன அடிக்கு இந்த ரேட், அதுக்கு மேல போனா ஒரு கன அடிக்கு எவ்வளவு, மாடிப்படிக்கு எவ்வளவு, லாரி வாசல்ல நிக்க முடியாம தள்ளி நின்னா எவ்வளவு, பேக்கிங் சாமான் இதுல சேர்ந்ததா, வரி சேர்ந்ததா - ஒண்ணுமே கிடையாது. கேட்டா "எல்லாம் இன்க்ளூடட் மேடம்"னு வாயாலதான் சொல்றாங்க. வாயால சொன்னதுக்கு சாட்சி யாரு?

ஷிஃப்டிங் அன்னிக்கு வந்த லாரியில எழுதியிருந்த பேரே வேற. போன்ல பேசினவர் கமிஷன் எடுத்துக்கிட்டு வேலையை இன்னொருத்தர் தலையில கட்டிட்டார், வந்தவங்களுக்கு எங்ககிட்ட என்ன பேசினாங்கன்னே தெரியாது. லோடுமேன் பசங்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், பாவம் நல்லாத்தான் வேலை செஞ்சாங்க, கண்ணாடிச் சாமானை எல்லாம் பாத்துப் பாத்துச் சுத்தினாங்க. வில்லங்கம் சூப்பர்வைசர் ரூபத்துலதான் வந்துச்சு.

கட்டில் பீரோ எல்லாம் ஏத்தி முடிச்சு வீடு துடைச்சு விட்ட மாதிரி ஆனப்புறம் ஒரு பேப்பரோட வர்றார், "640 கன அடி வந்திருக்கு மேடம், கொட்டேஷன் 350க்குத்தான் போட்டிருக்கு". 350ங்கிற நம்பரை அன்னிக்குத்தான் முதல் தடவையா கேள்விப்படுறோம். வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம டேப்பை எடுத்துட்டுப் போய் லாரிக்குள்ள அளந்தார். நீளம் 14 அடி, அகலம் 6, உயரம் 6, பெருக்கினா 504. அந்த லாரியில தண்ணியை ஊத்தி நிரப்பினாக்கூட 504க்கு மேல போகாது, இதுல பின்பக்கம் ரெண்டு பேர் காலை நீட்டி உக்கார்ற அளவுக்கு இடம் காலி. "அது வேற கணக்கு சார், பேக்கிங்கோட சேர்த்து அளப்போம்"ங்கிறார். பேக்கிங்கும் அதே லாரிக்குள்ளதானே சார் இருக்குன்னு நான் கேட்டதுக்கு பதில் இல்ல.

இந்தக் கணக்கு எப்படி வருதுன்னா, ஒவ்வொரு சாமானையும் தனியா வெளி அளவுல அளக்கிறாங்க. ஒரு நாற்காலின்னா காலுக்கு அடியில இருக்கிற காத்துக்கும் சேர்த்து. ஆனா ஏத்தும்போது நாற்காலி மேல நாற்காலி கவுத்துறாங்க, மேஜைக்கு அடியில பெட்டியைத் தள்ளுறாங்க, பீரோக்குள்ள தலையணையை அடைக்கிறாங்க. காகிதத்துல தனித்தனி, லாரியில ஒண்ணுக்குள்ள ஒண்ணு. லிஸ்ட் போட்டு அளக்கிறதே தப்புன்னு சொல்லல, ஒழுங்கான கம்பெனிகளும் அப்படி அளக்கிறாங்க, ஆனா அவங்க முன்னாடியே வந்து பாத்து சாமான் வாரியா லிஸ்ட் போட்டு அதுல கையெழுத்தும் போட்டுக் குடுப்பாங்க. ஏத்தினப்புறம் லிஸ்ட் எழுதறது அளவு இல்ல, வசூல்.

சில பேர் கன மீட்டர்ல சொல்லுவாங்க, 1 கன மீட்டர்னா 35.3 கன அடி, மாத்திப் பாத்துக்கோங்க. எடைக் கணக்குன்னா காலி லாரி எடை, லோடு ஏத்தின எடை ரெண்டுக்கும் எடைமேடை ரசீது கேளுங்க, ரெண்டு தடவையும் டீசல் ஒரே அளவுல இருக்கான்னும் பாருங்க, லோடு எடைக்கு மட்டும் நாலு ஆளை உள்ள உக்கார வெச்சா அவங்க எடையும் நம்ம தலையிலதான் விடியும்.

லாரியை கிளப்பட்டும், ஆபீஸ்ல பேசிக்கலாம்னு சூப்பர்வைசர் சமாதானம் பண்ணார். புது வீட்டு வாசல்ல வந்து நின்னா கதை தலைகீழ், முழுப் பணமும் கேஷா குடுத்தாத்தான் லாரிக் கதவைத் திறப்பாங்களாம். அதோட மாடிப்படி சார்ஜ், கட்டில் கழட்டி மாட்டுறதுக்கு சார்ஜ்னு ரெண்டு ஐட்டம் புதுசா முளைச்சிருக்கு. நாங்க வாக்குவாதம் பண்ணிட்டு நின்ன நேரத்துக்கும் வெயிட்டிங் சார்ஜ் மீட்டர் ஓடுச்சு பாருங்க, அதுதான் உச்சம்! மாடி ஏத்துறது கஷ்டமான வேலைதான், அதுக்குக் காசு கேக்கிறது நியாயம்னே வெச்சுக்குவோம், ஆனா பீரோவைத் தூக்கின தம்பிகிட்ட மெதுவா விசாரிச்சா "எங்களுக்கு நாள் கூலிதான்க்கா, மாடிக்குன்னு தனியா எதுவும் வராது"ங்கிறான். எல்லாம் சேர்த்து கடைசியா குடுத்தது மத்த கம்பெனிக்காரங்க நேர்மையா முதல்லயே சொன்ன ரேட்டை விட கூட.

இன்சூரன்ஸ்னு ஒரு வரி பில்லுல இருந்துச்சு, அதுக்கும் தனியா காசு வாங்கியிருந்தாங்க. பாலிசி சர்டிஃபிகேட் குடுங்கன்னு கேட்டதுக்குத்தான் தெரியுது, எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அந்தப் பணம் போகவே இல்ல, "எங்க கம்பெனி ரிஸ்க் கவரேஜ் மேடம்"னு ஒரு பதில். உங்க பேர், பாலிசி நம்பர், சாமான் மதிப்பு போட்ட பேப்பர் கைக்கு வரலைன்னா அது இன்சூரன்ஸே இல்ல. பேப்பர் வந்தாலும் படிச்சுப் பாருங்க, நாமளே பேக் பண்ணின பெட்டிக்கு பல பாலிசியில கவரேஜ் இருக்காது, நகை பணம் டாக்குமென்ட் எல்லாம் நம்ம கையிலயே வெச்சுக்கிறதுதான் நல்லது.

வாஷிங் மெஷின் போச்சு. ஃப்ரன்ட் லோடு மெஷினைத் தூக்குறதுக்கு முன்னாடி டிரம் ஆடாம இருக்க பின்பக்கம் டிரான்சிட் போல்ட் மாட்டணும், மெஷின் வாங்கும்போது அதோடயே வர்றது. அந்த போல்ட்டை எடுத்து சூப்பர்வைசர் கையிலயே குடுத்தேன், அது சமையலறைப் பெட்டியில கரண்டிகளோட பத்திரமா வந்து சேர்ந்துச்சு! மெஷினைப் போட்டா டிரம் இடிக்கிற சத்தம் தெருவுக்கே கேக்குது.

கிளெய்ம் கேட்டா அவங்க நீட்டினது நாங்க கையெழுத்துப் போட்ட டெலிவரி சீட்டு, "எல்லாப் பொருட்களும் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டன". பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிடுறாங்க, அப்பதான் அடுத்த லோடுக்கு நேரமாச்சுன்னு அவசரப்படுத்துவாங்க. நல்ல வேளை எங்க வீட்டுக்காரர் கையெழுத்துக்குப் பக்கத்துலயே "பெட்டிகள் பிரிக்கப்படவில்லை, மெஷின் ஓட்டிப் பார்க்கவில்லை"ன்னு எழுதி போட்டோவும் எடுத்து வெச்சிருந்தார். இப்போ கம்ப்ளைன்ட்ல எங்க பக்கம் நிக்கிறது அந்த ஒரு வரியும், டேப் வெச்சு அளந்தப்போ எடுத்த போட்டோவும்தான்.

ரிவ்யூ போட்டப்புறம் அந்தப் போன்காரர் திரும்பக் கூப்பிட்டார். ரிவ்யூவை எடுத்துட்டா வெயிட்டிங் சார்ஜை மட்டும் திருப்பித் தர்றாங்களாம். அதை அப்படியே மெயில்ல எழுதி அனுப்புங்க சார்னேன், இன்னும் வரல.