உட்காரும் வாக்கரா, தள்ளும் நடைவண்டியா?

உட்காரும் வாக்கரில் குழந்தையின் எடையை இருக்கை சுமக்கிறது. கால் நுனியால் உந்தினாலே ஓடும். சமநிலைப் பயிற்சி கிடைக்காது, தட்டு மறைப்பதால் தன் பாதமும் தெரியாது. ஒரே நொடியில் 1 மீட்டர் பாய்ந்துவிடும். படிக்கட்டு பக்கத்தில் இருந்தால் பெரியவர் கை எட்டாது. கனடா 2004இல் இதைத் தடைசெய்தது சரியான முடிவு.

நடைவண்டியில் நிற்பதும் நிமிர்வதும் குழந்தையின் வேலை. ஆனால், எதையாவது பிடித்துத் தானே எழுந்து பக்கவாட்டில் நகரத் தொடங்கிய பிறகே கொடுங்கள். வண்டி இலேசாக இருந்தால் முன்னே ஓடிவிடும், குழந்தை குப்புற விழும். அடித்தட்டில் மணல்பை வைத்துக் கனமாக்குங்கள். வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. காலை அகட்டி, கையை உயர்த்தி நடப்பது தொடக்கத்தில் இயல்புதான்.

இரண்டும் இல்லாமலும் குழந்தை நடக்கும். 18 மாதமாகியும் தனியே நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.