சரிவுக்கு நாலு ஸ்டார், சேர்லிஃப்ட் ஏறுமிடத்துக்கு ஒன்றே ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் ஸ்கீ ஓட்டப் போன ரிசார்ட்டின் பனிச்சறுக்குச் சரிவில் ஒரு குறையும் இல்லை. ராத்திரியே மெஷின் ஓட்டிச் சீப்பால் வாரியதுபோல் வைத்திருந்தார்கள், காலையில் அதில் முதல் ஆளாக இறங்குவது தனி சுகம். வாடகை பூட்ஸ் காலைக் கடிக்கவில்லை, பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பொறுமை அதிகம். அதற்கெல்லாம் தாராளமாக நாலு ஸ்டார். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சேர்லிஃப்ட்டில், அதாவது ஓடுகிற கயிற்றில் தொங்கியபடி சரிவின் மேலே கொண்டுபோகும் நாற்காலியில், ஆட்களை ஏற்றிவிடுகிற அந்த நாலைந்து மீட்டர் இடத்தைப் பற்றி. ரிசார்ட்டின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் அவர்கள் மேஜையில் கிடக்கிறது.

என் மகளுக்கு எட்டு வயது. மூன்று நாள் வகுப்பு முடித்துவிட்டாள், சின்ன லிஃப்ட்டில் பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்கியும் இருக்கிறாள், அதனால் நாலாம் நாள் நடுச்சரிவுக்குப் போகும் நாலு இருக்கை லிஃப்ட்டுக்கு அழைத்துப் போனோம். வரிசையே இல்லை. நான், நடுவில் அவள், அந்தப் பக்கம் என் மனைவி. நாற்காலிக்காக நிற்க வேண்டிய கோட்டில் போய் நின்று தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபோதுதான் காலடியில் பனி தேய்ந்து குழியாகியிருப்பது உறைத்தது. முழங்காலுக்குப் பின்னால் வந்து தொட வேண்டிய இருக்கை எனக்கே தொடையில் இடித்தது. அவளுக்கு முதுகில். உட்கார வழியில்லை, இருக்கையின் விளிம்பு அவளை அப்படியே முன்னால் தள்ளிக்கொண்டு போனது. நான் ஜாக்கெட் காலரைப் பிடித்தேன், மனைவி கையைப் பிடித்தாள், "நிறுத்து நிறுத்து" என்று இரண்டு பேரும் கத்துகிறோம், ஆபரேட்டர் பையன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனியை அள்ளிக்கொண்டிருக்கிறான். எதற்குத் தெரியுமா? அந்தக் குழியை நிரப்பத்தான்.

அவன் திரும்பிப் பார்த்து, மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் பட்டனை அடிப்பதற்குள் நாற்காலி மேடையின் விளிம்பைத் தாண்டிவிட்டது. ஒன்றரை ஆள் உயரத்தில், காலில் மாட்டிய ஸ்கீயின் கனம் கீழே இழுக்க, என் விரல்களில் தொங்கினாள். இன்னொருவரும் ஓடி வந்து இருவரும் கீழே நின்று அவள் இடுப்பைப் பிடித்த பிறகுதான் கையை விட்டேன். அடி இல்லை. ஒரு கையுறை மட்டும் விழுந்தது. அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அவளைவிட அவன்தான் அதிகம் நடுங்கினான்.

அப்புறம் சூப்பர்வைசர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, குழந்தையை ஏன் ஆபரேட்டர் பக்கம் உட்கார வைக்கவில்லை என்பது. நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகளை ஆபரேட்டர் நிற்கும் பக்கத்து ஓரத்தில்தான் நிறுத்த வேண்டும், அப்போதுதான் அவர் தூக்கி உட்கார வைக்க முடியும். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் இருப்பதுதான் பத்திரம் என்று நான் நினைத்தது தப்பு. ஆனால் அதைச் சொல்லும் பலகை வரிசையில் எங்கேயும் இல்லை. சரி, ஓரத்தில் நிறுத்தியிருந்தாலும் யார் தூக்கியிருப்பார்கள்? தூக்க வேண்டியவன் பத்தடி தள்ளி மண்வெட்டியோடு நின்றான்.

ஸ்கீயில் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்க்க மெதுவாக, சாதுவாகத் தெரிகிற பழைய லிஃப்ட்தான் ஏறுவதற்குக் கஷ்டம். அதில் நாற்காலியைக் கயிற்றோடு நிரந்தரமாகக் கவ்வியிருப்பார்கள், கயிறு ஓடுகிற வேகத்திலேயேதான் அது நம் முழங்காலிலும் வந்து மோதும், நொடிக்கு 2 முதல் 2.5 மீட்டர். புது ரக விரைவு லிஃப்ட்டோ மேலே நொடிக்கு 5 மீட்டர் பறந்தாலும், ஸ்டேஷனுக்குள் வந்ததும் பிடியை விட்டுக் கயிற்றிலிருந்து கழன்று, நடை வேகத்துக்கும் கீழே ஊர்ந்து வரும், நாம் ஆற அமர உட்காரலாம். நாங்கள் ஏறியதுபோன்ற நாலு இருக்கைப் பழைய லிஃப்ட்டில் மணிக்கு 2,400 பேரை ஏற்ற வேண்டுமென்றால் 6 நொடிக்கு ஒரு நாற்காலி வரும். அந்த 6 நொடிக்குள் முன்னால் போனவர்கள் சரியாக உட்கார்ந்தார்களா என்று பார்க்க வேண்டும், அடுத்தவர்கள் கோட்டுக்கு வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும், குட்டையானவர் யாராவது இருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பட்டனை அழுத்தினாலும் அந்த நொடியே நின்றுவிடாது, மேலே தொங்குகிறவர்கள் ஊஞ்சலாடிவிடாமல் சில மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆகவே தாமதமாக அழுத்தினால் பாதிப் பிரயோஜனம்தான். இத்தனையும் ஒருத்தன், பனி வாரும் வேலையோடு சேர்த்து. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவனை அங்கே தனியாக நிறுத்தியவர் மேல்தான் கோபம். குழியை நிரப்ப வேண்டுமா, லிஃப்ட்டை இரண்டு நிமிஷம் நிறுத்திவிட்டு நிரப்பட்டுமே.

ஓடுகிற நாற்காலியில் மனுஷனை எப்படி உட்கார வைப்பது என்பது இந்தத் தொழிலின் முதல் நாள் கவலை. உலகின் முதல் சேர்லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற இடத்தில் ஓடியது, வடிவமைத்தவர் யூனியன் பசிபிக் ரயில்வே இன்ஜினியர் ஜேம்ஸ் கரன். கப்பலில் வாழைத்தார் ஏற்றுகிற கொக்கிக் கயிற்றைப் பார்த்து வந்த யோசனை அது. தாருக்குப் பதில் ஆளை ஏற்றிப் பார்க்க, லாரியின் பக்கவாட்டில் ஒரு நாற்காலியைக் கட்டி ஓட்டி, வைக்கோல் மேலும் பிறகு ரோலர் ஸ்கேட் மாட்டியும் ஆட்களை நிற்க வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அன்றைக்கு அவ்வளவு யோசித்த விஷயத்தை இன்றைக்கு ஒரு மண்வெட்டியோடு விட்டுவிட்டார்கள்.

இதே ரிசார்ட்டில் சின்னச் சரிவு லிஃப்ட்டில் ஆபரேட்டராக ஒரு அம்மா இருக்கிறார். அவருக்காகத்தான் இந்த விமர்சனத்தை மொத்தமாகக் கழுவி ஊற்றாமல் இருக்கிறேன். வரிசையில் நிற்கும்போதே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார். "முதல் தடவையா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையைத் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொள்கிறார், பெரியவர்களின் முதுகுப்பையைக் கழற்றி மடியில் வைக்கச் சொல்கிறார், ஸ்கீ கோல் இரண்டையும் ஒரே கையில் பிடிக்கச் சொல்கிறார். பிள்ளை கோட்டுக்கு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறார், தடுமாறிய பிறகு இல்லை. ஒரு கை நாற்காலியைப் பிடித்து மோதலைத் தணிக்கும், இன்னொரு கை குழந்தையின் அக்குளில் இருக்கும். நாற்காலி போன பிறகும் தலையைத் திருப்ப மாட்டார், தடுப்புக் கம்பி கீழே இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பனி அள்ள வேறொரு ஆள், ஆள் வராத இடைவெளியில்தான் அள்ளுகிறார். ஆக, ஒழுங்காகச் செய்ய இவர்களுக்குத் தெரியும்.

சூப்பர்வைசர் கடைசியில் டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டினார், எல்லா ஆபத்துக்கும் நானே பொறுப்பு என்று பொடி எழுத்தில். அவர் சொன்னதில் பாதி உண்மை. லிஃப்ட்டிலிருந்து விழுகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் தவறால்தான் விழுகிறார்கள் என்று இந்தத் துறையினர் சொல்வார்கள், கம்பியைத் தூக்கிவிட்டுச் செல்ஃபி எடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பொடி எழுத்து எல்லாவற்றையும் மூடிவிடாது. அமெரிக்காவின் கொலராடோவில் 1998லேயே, லிஃப்ட் நடத்துகிறவர் உச்சபட்சக் கவனம் காட்ட வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மாநிலத்தில் 2022இல் சரியாக உட்கார முடியாமல் தொங்கிப்போன 16 வயதுப் பெண் சுமார் 30 அடி கீழே விழுந்து முதுகெலும்பு உடைந்துபோனாள். அவளுடைய அப்பா நிறுத்தச் சொல்லிக் கத்தியும் லிஃப்ட் நிற்கவில்லை என்பது வழக்கு. அந்தப் பகுதியைப் படித்தபோது என் விரல்கள் தானாக மடங்கின. 2024இல் தீர்ப்பு வந்தது: கையெழுத்துப் போட்ட படிவம் பொதுவான கவனக்குறைவு வழக்கைத் தடுக்கலாம், ஆனால் சட்டமும் லிஃப்ட் விதிகளும் சுமத்திய கடமையை மீறினார்கள் என்ற வழக்கைத் தடுக்காது. எல்லா நாட்டிலும் சட்டம் இப்படியே இருக்காது. ஆனாலும் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த மாதிரி பழைய லிஃப்ட் உள்ள இடத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், ஏறுவதற்கு முன் ஓரமாக நின்று நாலு நாற்காலி போவதைப் பாருங்கள். ஆபரேட்டரின் கண் எங்கே இருக்கிறது, கை பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இருக்கை ஆட்களின் முழங்காலில் படுகிறதா தொடையில் படுகிறதா என்பது நாலு நாற்காலிக்குள் தெரிந்துவிடும். வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம், பின்னால் நிற்பவர் முனகினால் முனகட்டும். ஒருவேளை பாதியில் தொங்கிவிட்டால், இன்னும் மேடை மேல் இருக்கும்போதே குழந்தையைக் கீழே விட்டுவிடுங்கள், பனியில் உருண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நான் காலரைப் பிடித்துக்கொண்டு கூடவே போனதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

புகாருக்கு ஒரு வரி பதில் வந்திருக்கிறது, வருந்துகிறார்களாம், அடுத்த தடவைக்கு இலவச டிக்கெட் தருகிறார்களாம். அந்த லிஃப்ட்டில் இன்னொரு ஆள் போட்டார்களா என்று திரும்பக் கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.

மிச்சம் இருந்த இரண்டு நாளும் சின்னச் சரிவிலேயே ஓட்டினோம். எனக்கும் மனைவிக்கும் படு போர். மகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவின் பக்கத்து ஓரமாகத் தானே போய் நின்றுகொண்டாள், கையுறை தொலைந்த கையை என் பாக்கெட்டுக்குள் விட்டபடி.