பேட்டரி மாற்றக் கொடுத்தேன், டிஸ்ப்ளேயைக் கழற்றிக்கொண்டார்கள்

நாகர்கோவிலில் ஐபோன் பழுது பார்க்கக் கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுக்கப்போகிற நேரத்தில் அது எனக்கே வினையாக முடியக்கூடாது.

என் தம்பி தோஹாவில் இருக்கிறான். 2022 கிறிஸ்துமஸுக்குக் குளச்சலுக்கு வந்தபோது எனக்கு ஒரு ஐபோன் 13 கொண்டுவந்தான். ஒரு கீறல் விழாமல் வைத்திருந்தேன். ஆனால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அதன் திறன் 76 சதவீதம் என்று அமைப்புகளில் காட்டியது. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் திறன் 80 சதவீதத்துக்கு வரும் என்பது ஆப்பிளே சொல்லும் கணக்கு. ஆகவே போனில் குறை ஒன்றும் இல்லை, தேய்மானம்தான். எனக்குத் தெரிந்த அதிகாரபூர்வ சேவை மையம் திருவனந்தபுரத்தில் இருந்தது. களியக்காவிளை தாண்டிப் போய்வர ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எப்படியும் நாகர்கோவில் போகிறோமே, அங்கேயே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சோம்பலுக்குத்தான் இந்தத் தண்டம்.

கடை சுத்தமாக, வெளிச்சமாக இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டையில் "கழற்றிய ஒரிஜினல் டிஸ்ப்ளே கிடைக்கும்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அன்று அதைப் படித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைக்காரர் போனை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளே மாற்றியதே இல்லையா அக்கா?" என்று கேட்டார். இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். திருடனிடம் சாவிக்கொத்து இருக்கும் இடத்தைச் சொன்ன பெருமை.

பிறகு பூட்டுத் திறக்கும் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார். தொலைந்த போனைத் தேட உதவும் ஃபைண்ட் மை வசதியையும் அணைக்கச் சொன்னார். பேட்டரி மாற்ற இந்த இரண்டுமே தேவையில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஃபைண்ட் மையோடு சேர்ந்து, தொலைந்த போனை மற்றவர் பயன்படுத்த முடியாமல் தடுக்கும் பூட்டு இருக்கிறதல்லவா, அதைத் தனித்தனிப் பாகங்களுக்கும் நீட்டிக்கப்போவதாக 2024 ஏப்ரலில் ஆப்பிள் அறிவித்திருந்தது. களவுப் பாகம் இன்னொரு போனில் ஒழுங்காக வேலை செய்யக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நான் கடவுச்சொல்லைப் போட்டு அந்தப் பூட்டை என் கையாலேயே திறந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னார். பேராலயத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு வளையலும் பலூனும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். 2,400 ரூபாயைப் போன் வழியாகவே செலுத்தினேன். ரசீது கேட்டதற்கு, "மூன்று மாதம் கேரண்டி அக்கா, என் முகம்தான் ரசீது" என்று சிரித்தார்.

பஸ் வில்லுக்குறியைத் தாண்டுவதற்குள் திரையில் ஏதோ அறிவிப்பு வந்தது. பேட்டரி என்ற சொல் கண்ணில் பட்டது. வெளியில் மாற்றினால் இப்படி வரும் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்ததால் தள்ளிவிட்டேன். அடுத்து வந்ததையும் படிக்காமல் தள்ளினேன். அந்த இரண்டாவது அறிவிப்பு டிஸ்ப்ளேயைப் பற்றியது.

நான்கு நாள் கழித்து இரவில் மின்சாரம் போனது. பிள்ளைக்குக் கதை சொல்லப் போனில் ஒரு வானப் படத்தைத் திறந்தேன், கறுப்பில் நாலைந்து நட்சத்திரங்கள் உள்ள படம். அறை கும்மிருட்டு. திரையில் இருந்த வானம் கறுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில், ஓரங்களில் இலேசாக நீலம் பாரித்து, முழுத் திரையும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஐபோன் 13-இல் இருப்பது ஓலெட் திரை. அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளிகள் அணைந்தே கிடக்கும். இருட்டில் திரை எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மூன்று வருடம் நான் பார்த்த கறுப்பு அது. இப்போது கையில் இருந்தது பின்னால் விளக்கு எரியும் எல்சிடி நகல். டார்ச் அடித்துப் பார்த்தேன். சார்ஜ் துளையின் இருபுறமும் இருக்கும் ஐந்துமுனைத் திருகாணிகளில் ஒன்றின் தலை மழுங்கியிருந்தது. சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் பொத்தானைத் தேடினேன். அது இருந்த இடமே இல்லை.

மறுவாரம் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொஞ்சமும் அசையவில்லை. சொல்லப்போனால் அன்று அவர் பேசியது ஒரு சொற்பொழிவு. "இதெல்லாம் கம்பெனியின் வேலை அக்கா. வெளியில் யாரிடமும் பழுது பார்க்கக்கூடாது என்று பாகங்களைப் போனோடு கட்டிப் போட்டுவிடுகிறான். பழைய போன்களை அவனே மெதுவாக்கி, மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை. பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 79 டாலர் பேட்டரி மாற்றத்தை 2018-இல் 29 டாலருக்குச் செய்து கொடுத்தது. அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுக்க 2020-இல் இசைந்தது. பாகங்களை வரிசை எண்ணால் போனோடு இணைத்து வைக்கும் வழக்கத்தையும் உலகமே திட்டுகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024-இல் அதற்கு எதிராகச் சட்டமே போட்டது. இவ்வளவும் நான் வாசித்தவை. அதனால் அந்த மனிதர் பேசப் பேச, பெரிய நிறுவனத்தின் அடாவடியில் பாவம் இந்தச் சின்னக் கடைக்காரர் மாட்டிக்கொண்டார் என்று எனக்கே தோன்றிவிட்டது. பாதி மனதோடு படியிறங்கினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. அவர் சொன்னது பேட்டரிக்குச் சரி. புதுப் பேட்டரியைப் போன் அடையாளம் காணாமல் "தெரியாத பாகம்" என்று காட்டுவது நியாயம். ஆனால் என் பழைய டிஸ்ப்ளேயைத் தூக்கிவிட்டு அதையே திரும்பப் பொருத்தியிருந்தால் டிஸ்ப்ளேக்கு எதற்கு அந்த அறிவிப்பு? அமைப்புகளில் பொது, அதற்குள் போனைப் பற்றிய பக்கம்: அங்கே வரிசை எண்ணுக்குக் கீழே பாகங்களின் வரலாறு என்று ஒரு பகுதி வந்திருந்தது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 15.2 பதிப்பு முதல் உள்ள வசதி இது. பேட்டரி, தெரியாத பாகம். டிஸ்ப்ளே, தெரியாத பாகம். இரண்டு வரிகள்.

வாங்கிய பொருளை விரும்பிய இடத்தில் பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்ற கட்சியில்தான் இன்றும் இருக்கிறேன். வாரண்டி முடிந்த பழைய மாடல்களுக்குப் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 2023 மார்ச்சில் 69-இலிருந்து 89 டாலராக ஏற்றிய நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. ஆனால் எந்த அறிவிப்பை நிறுவனத்தின் அகம்பாவம் என்று திட்டினேனோ, அது இல்லாவிட்டால் என் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து நகலோடேயே காலம் தள்ளியிருப்பேன். அடையாளம் காட்டட்டும், நல்லது. நல்ல பாகத்தை முடக்குவதுதான் கூடாது.

இனி கொடுக்கப்போகிறவர்களுக்கு: அமைப்புகளில் போனைப் பற்றிய அந்தப் பக்கத்தைக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே படம் பிடித்து, வேறொருவருக்கு அனுப்பிவிடுங்கள். பாகம் எதையும் மாற்றாத போனில் வரலாற்றுப் பகுதியே இருக்காது. அந்த வெறுமைதான் உங்கள் சாட்சி. உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பூட்டு எண் கேட்டால் கொடுக்காதீர்கள். என் குடும்பப் படங்கள் அத்தனையும் இரண்டு மணி நேரம் அந்த மேசையில் திறந்து கிடந்தன என்று நினைக்கும்போது டிஸ்ப்ளே போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞரான சித்தப்பா மகன் முதலில் உதட்டைப் பிதுக்கினான். ரசீது இல்லை, டிஸ்ப்ளே முன்பு அசலாக இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டான். தம்பிதான் கைகொடுத்தான். அக்டோபரில் ஏதோ காப்பீட்டுக்காக வரிசை எண் கேட்டிருந்தான். அன்று நான் அனுப்பிய படம் அவனிடம் அப்படியே இருந்தது. வரிசை எண்ணுக்குக் கீழே அதில் எந்த வரலாறும் இல்லை.

இன்னொன்றைக் கடைக்காரரே கொடுத்தார். டிஸ்ப்ளேயை மாற்றினீர்களா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது: "பேட்டரி மட்டும்தான் அக்கா. டிஸ்ப்ளேயைத் தொடவே இல்லை." ஐபோன் 13 முன்பக்கமாகத்தான் திறக்கும். டிஸ்ப்ளேயைத் தூக்காமல் அதன் பேட்டரியை எடுக்க வழியே இல்லை. சித்தப்பா மகன் அதை வாசித்துவிட்டு, அச்செடுத்துப் புகாரின் முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னான்.