செம்மண் ஊரில் புல்லட்டின் காற்றுப் பாதை: மூன்றரை ஆண்டு அனுபவம்

காரைக்குடியைச் சுற்றியுள்ள பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பதால், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை என்று நாள்தோறும் அறுபது எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறேன். என்னிடம் இருப்பது, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருந்த காலத்து ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. அதன் காற்றுப் பாதையில் மூன்றரை ஆண்டுகளில் செய்த மாற்றங்களில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

இந்த எஞ்சினின் கொள்ளளவு 346 சிசி. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது 2000 முறை இழுக்கும் என்றால், முழுமையாக நிரம்பும் கணக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 690 லிட்டர் காற்று. நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே நிரம்பும். அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டலாம் என்றுதான் நானும் இதில் இறங்கினேன்.

முதலில் செய்தது, அசல் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டியது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் டேங்கின் அடியிலிருந்து எழுந்த உறுமல், வண்டிக்குப் புது பலம் வந்துவிட்டது போன்ற எண்ணத்தைத் தந்தது. ஆனால் திருச்சி சாலையில் நான்காவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 எட்டும் நேரத்தைப் பலமுறை அளந்து பார்த்ததில், முன்பைவிட ஒரு நொடி கூடுதலாகவே ஆனது. நடு வேகத்தில் ஒரு தயக்கம். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பு. பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது; பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்ததன் அடையாளம் அது. இந்த வண்டியில் உள்ள கார்புரேட்டரின் ஸ்லைடு, அதாவது காற்று வழியைத் திறக்கும் தடுப்பு, காற்றழுத்த வேறுபாட்டால் தானாக உயர்வது. பெட்டிக்குள் அடங்கி நிற்கும் காற்றுக்கு ஏற்ப அமைத்த அதை வெட்டவெளிக் காற்றில் விட்டால் சீராக உயர்வதில்லை. பெட்ரோலின் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான அளவு. காற்று அதற்கு மேல் மிகுந்துபோனால் பலம் குறைந்து சூடு ஏறும். பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட்டை இரண்டு படி பெரிதாக்கியதும் வெடிப்பு அடங்கியது, ஆனால் லிட்டருக்கு 36 கிடைத்த மைலேஜ் 30க்கு இறங்கியது.

சூட்டையும் சொல்ல வேண்டும். கூம்பு ஃபில்டர் நின்ற இடம் சிலிண்டரின் சூடு நேராகத் தாக்கும் இடம். காற்றின் வெப்பம் மூன்று டிகிரி ஏறினாலே அதன் அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு கூடுதல் பலத்தை எதிர்பார்த்தது என் பிழை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கேடு தூசியால் வந்தது. ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் இங்கே செம்மண் பறப்பதை வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதோடு என் வேலையிடங்களில் இடித்த சுண்ணாம்புக் காரையின் பொடியும் சேரும். ஏழாவது மாதம் தேவகோட்டையில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன், ஃபில்டரைக் கழற்றி, வெள்ளை வேட்டித் துணியை விரலில் சுற்றி, கார்புரேட்டர் வாயின் உட்புறம் ஒருமுறை துடைத்துக் காட்டினார். துணியில் மங்கலான சிவப்பு வளையம் ஒன்று படிந்திருந்தது. "தம்பி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய மண்ணு இது. இதத்தான் பிஸ்டன் அரைச்சுக்கிட்டு இருக்கு" என்றார். ஆயில் குறையத் தொடங்கியிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டியதாயிற்று.

அதன்பின் அசல் பெட்டியையே திரும்ப மாட்டினோம். பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயின் மடிப்பில், வளைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மயிரிழை வெடிப்பு இருந்தது, அதை மாற்றினோம். பெட்டிக்குள் பொருந்தும் அளவில், எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் பருத்தி வலை ஃபில்டரை வைத்து, அதன் விளிம்பு முழுவதும் மெல்லிய கிரீஸ் பூசி மூடினோம். ஜெட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். அதோடு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

இப்போது மைலேஜ் 37. பிளக் முனை இளம்பழுப்பு, கலவை சரியாக இருப்பதன் அடையாளம். 60லிருந்து 80க்கு, தொடக்கத்தில் இருந்ததைவிட அரை நொடி குறைவு. இந்த அரை நொடி பருத்தி ஃபில்டரால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. புதிய ரிங்கும் வெடிப்பில்லாத ரப்பரும்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். ஃபில்டரின் தனிப் பயன், வாங்கிக்கொண்டே இருக்காமல் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது. கழுவுவதில் அவசரம் கூடாது. அதற்கான திரவத்தில் ஊறவைத்து, தூசி வெளியேறும்படி உட்புறத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு, நிழலில் முழுதும் உலர்த்திய பிறகே எண்ணெய் தடவ வேண்டும். சீக்கிரம் உலரட்டும் என்று கம்ப்ரசர் காற்றை அடித்தால் பருத்தி இழைகள் விலகிவிடும். எண்ணெய் மிகுந்தால் காற்று தடைபடும். குறைந்தால் நுண்தூசி உள்ளே போகும். எண்ணெயின் நிறம் எல்லா மடிப்பிலும் ஒரே சீராகத் தெரிவதுதான் சரியான அளவு. காகித ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பிஎஸ் 6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு வந்த, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு ஜெட் கணக்கு பொருந்தாது. தூசிக் கணக்கு அப்படியே பொருந்தும்.

நான் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையும், அது தவிர ஆடி பிறக்கும் முன்பும் முடிந்த பின்பும் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கிறேன். போன வாரம் பார்த்தபோது ஃபில்டரின் வெளிப்புறம் செங்கல் நிறத்தில் இருந்தது; குழாயின் உட்புறம் துடைத்த துணியில் கறை இல்லை. ரப்பர் குழாயின் மடிப்பு மட்டும் கொஞ்சம் இறுகத் தொடங்கியிருக்கிறது. மழைக்கு முன் அதை மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.